மாதிரிகள் ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளன

தமிழ்ப் பத்திரிகைகளைத் தினந்தோறும் வாசிக்கும் பழக்கமுள்ள எவருக்கும் மனப்பாடமாகிவிட்ட வாக்கியங்கள் சில உண்டு. கல்யாண விருந்து சாப்பிட்டவர்களோ, விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகளோ, திருவிழாவில் அன்னதானம் பெற்றவர்களோ கூட்டமாக வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்தி எதுவாயினும், அதன் கடைசி வரியாக வந்து நிற்கும் வாக்கியம் அவற்றுள் ஒன்று: ‘உணவு மாதிரிகள் சேகரிக்கப்பட்டு ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளன.’ அனுப்பப்பட்ட மாதிரிகள் போய்ச் சேர்ந்தனவா, அவற்றில் எந்தக் கிருமி அகப்பட்டது, அது எங்கிருந்து வந்தது என்ற விவரங்களை அடுத்த வாரத்து இதழ்களில் தேடிப் பார்ப்பவர், பெரும்பாலும் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த வாக்கியம் பிறக்கும் இடத்தில் நானே ஒருமுறை நின்றிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி முடித்து ஊர் திரும்பியவர்களில் நாற்பது பேருக்கு மேல் அன்றிரவே படுத்துவிட்டார்கள். சித்தி இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். மறுநாள் காலை சுகாதார ஆய்வாளர் வந்து, அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த பாயசத்தையும், மிஞ்சிய தயிர்சாதத்தில் ஒரு கரண்டியையும், கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டிலையும் எடுத்து, மூடி ஒட்டி, சீட்டு எழுதி, சித்தப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். மிகவும் ஒழுங்கான மனிதர், கையுறைகூடப் போட்டிருந்தார். அதன்பின் மூன்று மாத காலம் சித்தப்பா நடையாய் நடந்து தெரிந்துகொண்டதெல்லாம், ‘ரிப்போர்ட் மேலே போயிருக்கிறது’ என்பது ஒன்றுதான். இதற்கிடையில் உறவினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, பாயசம்தான் என்று ஒரு கட்சியும் தண்ணீர்தான் என்று மற்றொரு கட்சியும் வாதாடி ஓய்ந்து, கடைசியில் பழியைச் சமையற்காரர் தலையில் வைப்பதில் மட்டும் ஒற்றுமைப்பட்டார்கள். முப்பது வருஷமாக அந்த வட்டாரத்தில் கரண்டி பிடித்தவர் அவர். அடுத்த முகூர்த்தத்திலிருந்து அவரைக் கூப்பிடுவாரில்லை. குற்றம் அவருடையதுதானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஒரு நோயாளியின் மலத்திலோ ஒரு கரண்டிப் பாயசத்திலோ அகப்பட்ட கிருமியின் அடையாளமானது, அதை எடுத்த உத்தியோகஸ்தரின் சொத்தும் அன்று, அதைப் பரிசோதித்த காரியாலயத்தின் சொத்தும் அன்று; தெருக்குழாயைப் போல, ஆற்றுப் பாலத்தைப் போலப் பொதுஜனங்களின் உடைமை அது; ஆகவே கண்டறியப்பட்ட சில தினங்களுக்குள் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் அது வைக்கப்பட வேண்டும் என்பதே என் கட்சி. வெறும் நியாயம் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி வைத்ததனால் நோயின் வேரைத் தோண்டி எடுத்த சம்பவங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் அஞ்சறைப்பெட்டியிலிருக்கும் வெந்தயத்தைப் பற்றியதாகையால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

2011-ஆம் ஆண்டு மே மாதத்தில், வட ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரைச் சுற்றிலும் ரத்தபேதியுடன் ஜனங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வரத் தொடங்கினார்கள். பேதி கண்ட சில நாட்களில் அவர்களில் பலருக்கு ரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகம் நின்றுபோயிற்று. வழக்கமாகச் சிறு குழந்தைகளையே பிடிக்கும் இந்த உபாதை, இம்முறை திடகாத்திரமான பெரியவர்களை, அவர்களிலும் பெண்களையே அதிகமாகப் பிடித்தது வைத்தியர்களைத் திகைக்க வைத்தது. மே 19-ந் தேதி பெர்லினிலுள்ள ராபர்ட் கோக் தொற்றுநோய் நிலையத்துக்குத் தகவல் போயிற்று. கோடை நடுவில் எல்லாம் அடங்கிக் கணக்குப் பார்த்தபோது, 3,800-க்கு மேற்பட்டோர் நோயுற்றிருந்தார்கள். 800-க்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. 50-க்கு மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள்.

நடுவில் நடந்த ஒரு விபரீதத்தைச் சொல்லாமல் மேலே போவதற்கில்லை. மே 26-ந் தேதி ஹாம்பர்க் அதிகாரிகள், ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்த வெள்ளரிக்காயில் இந்த நோயின் கிருமி அகப்பட்டதென்று உலகறிய அறிவித்தார்கள். ஐந்தே நாளில், வெள்ளரிக்காயில் இருந்தது வேறு, நோயாளிகளின் குடலில் இருந்தது வேறு என்று அவர்களே சொல்ல நேர்ந்தது. இரண்டும் ஈ.கோலை என்னும் இனந்தான், இரண்டும் நஞ்சு சுரப்பவைதான். ஆனால் முருகேசன் என்ற பெயருள்ள ஒருவன் செய்த திருட்டுக்கு ஊரிலுள்ள இன்னொரு முருகேசனைப் பிடித்து உள்ளே தள்ளினாற்போல் ஆயிற்று. இதற்குள் தென் ஸ்பெயினின் விவசாயிகள் பறித்த காயை விற்க வழியின்றிக் கொட்டி அழித்தார்கள்; ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்துக் காய்கறிகள் முழுவதற்கும் கதவைச் சாத்தியது; பிற்பாடு விவசாயிகளின் நஷ்டத்துக்கு ஈடாக ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டிவந்தது. கிருமி விவரங்களை வெளியிட்டால் பீதியும் வியாபார நஷ்டமும்தான் மிஞ்சும் என்று சொல்பவர்கள் இந்த வெள்ளரிக்காயைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கோ அது நேர்மாறான பாடமாகப் படுகிறது. அன்று வெளியானது விவரமன்று, அரை விவரம். கிருமியின் இனப்பெயரை மட்டும் சொல்லி, வகை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே வாயைத் திறந்ததனால் வந்த வினை அது.

அதே வாரத்தில், அதே ஹாம்பர்க் நகரத்தின் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், வேறொரு காரியம் சந்தடியில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஒரு நோயாளியிடமிருந்து வளர்த்தெடுத்த கிருமியின் டி.என்.ஏ.வை அங்குள்ள வைத்தியர்கள் சீன தேசத்து ஷென்ஜென் நகரிலுள்ள பி.ஜி.ஐ. என்ற மரபணு ஆய்வு ஸ்தாபனத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாளில் அதன் எழுத்துக்கள் வாசிக்கப்பட்டன. ஈ.கோலையின் மரபணுத் தொகுதி ஐம்பது லட்சம் எழுத்துக்கு மேற்பட்ட ஒரு நூல்; ஆனால் இயந்திரம் அதை நூலாகத் தருவதில்லை, கிழித்துக் காற்றில் பறக்கவிட்ட லட்சக்கணக்கான துணுக்குகளாகவே தரும்; அவற்றைத் தொட்டுத் தொட்டு ஒட்டினால்தான் வாசகம் கிடைக்கும். ஆராய்ச்சி உலகத்தின் வழக்கப்படி, தாமே ஒட்டித் தாமே வாசித்துத் தம் பெயரில் கட்டுரை அச்சேறும்வரை அவர்கள் அந்தத் துணுக்குகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஜூன் 2-ந் தேதி, எவ்வித உரிமையும் கோராமல் எல்லாவற்றையும் இணையத்தில் பொதுவில் போட்டுவிட்டார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்து நிக் லோமன் அவற்றை ஒட்டி முடித்தார். அவர் ஒட்டியதைப் பிறர் எடுத்து ஒப்பிட்டார்கள். அவர்கள் ஒப்பிட்டதை வேறு சிலர் திருத்தினார்கள். இவ்விதமாக நான்கு கண்டங்களில் இருந்தவர்கள் ஒரு வார காலத்துக்குள் இருபதுக்கு மேற்பட்ட ஆய்வுக் குறிப்புகளை எழுதிச் சேர்த்துவிட்டார்கள். விவரம் வெளியான ஐந்தாம் நாளில், இந்தக் கிருமியை மட்டும் தனித்து அடையாளம் காட்டும் பரிசோதனைக்கு வேண்டிய வரிசைகளும் தயாராயின.

அவர்கள் கண்டது என்ன? மனிதக் கொலைக்குப் பேர்போன ஈ.கோலை வகைகள் பெரும்பாலும் மாட்டின் குடலில் குடியிருந்து, இறைச்சி வழியாகவோ சாணம் வழியாகவோ நம்மிடம் வருபவை. இதுவோ அந்த வம்சமே அன்று. மனிதக் குடற்சுவரில் செங்கல் அடுக்கினாற்போல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு பேதி உண்டாக்கும் வேறொரு வம்சத்தது. அந்த வம்சத்துக் கிருமி ஒன்று, தன்னைத் தாக்கிய வைரஸ் ஒன்றின் வாயிலாகக் கொடிய நஞ்சு சுரக்கும் மரபணுவைப் பெற்று, பல மருந்துகளுக்கு மசியாத குணத்தையும் எங்கிருந்தோ இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தது. ஒட்டும் சாமர்த்தியம் ஒரு வம்சத்தினுடையது, நஞ்சு மற்றொரு வம்சத்தினுடையது. இரண்டும் ஓருடலில் சேர்ந்ததாலேயே இவ்வளவு உக்கிரம் என்று விளங்கியது.

இதில் என்னைப் பெரிதும் கவர்ந்த விஷயம் ஒன்றுண்டு. இந்தக் கிருமிக்கு மிகநெருங்கிய உறவு எது என்று தேடியபோது அகப்பட்டது, 1990-களில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பேதி கண்ட ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்ட கிருமி. அதன் மரபணு முன்னரே வாசிக்கப்பட்டுப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர்களுக்கு ஹாம்பர்க் நகரத்தின் ஞாபகமே இருந்திருக்காது. பிற்காலத்தில் யாருக்கு எதற்காகப் பயன்படும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டு வைக்கவும் இல்லை. ஒப்பிடுவதற்கு அது அங்கே இல்லாதிருந்தால், ஷென்ஜென் நகரத்தார் எவ்வளவு தாராளமாகத் துணுக்குகளை வாரி இறைத்திருந்தாலும், கைரேகையை எடுத்து வைத்துக்கொண்டு ஒத்துப்பார்க்கப் புத்தகமில்லாத போலீஸ் ஸ்டேஷனைப் போலத்தான் இருந்திருக்கும்.

ஆனால் மரபணு சொன்னது, வந்தவன் யார் என்பதை மட்டுமே. எந்த வழியாக வந்தான் என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொன்னது லூபெக் நகரத்து ஓட்டல் ஒன்றின் அடுப்படி. நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், தக்காளி என்றார்கள், வெள்ளரி என்றார்கள், கீரை என்றார்கள். முளைகட்டிய விதைகளைச் சாப்பிட்டதாக ஞாபகப்படுத்திச் சொன்னவர்கள் நாலில் ஒரு பங்கினரே. வியப்பென்ன இருக்கிறது? நேற்று நீங்கள் சாப்பிட்ட ரசத்தில் கறிவேப்பிலை கிடந்ததா என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சத்தியம் செய்வோம்? ஆகவே புலன்விசாரணைக்காரர்கள் வேறொரு தந்திரம் செய்தார்கள். அந்த ஓட்டலில் கூட்டங்கூட்டமாக விருந்துண்ட பத்துக் குழுவினரைத் தேடிப்பிடித்து, ஞாபகத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, பில்லைக் கேட்டார்கள். மேஜையில் உட்கார்ந்தபடி எடுத்துக்கொண்ட புகைப்படங்களைக் கேட்டார்கள். எந்தத் தட்டு யார் முன்னால் இருந்தது என்று அவற்றில் பார்த்துக் குறித்தார்கள். பிறகு தலைமைச் சமையற்காரரை உட்கார வைத்து, இந்தப் பதார்த்தத்தில் என்னென்ன போடுகிறீர்கள், எவ்வளவு போடுகிறீர்கள், வேகவைத்தா பச்சையாகவா என்று பதார்த்தம் பதார்த்தமாக எழுதி வாங்கினார்கள். தட்டின் மேல் அலங்காரமாகத் தூவிய ஒரு சிட்டிகை முளை எந்தெந்தத் தட்டில் இருந்ததோ, அந்தத் தட்டுக்காரர்களுக்கு நோய் வந்த வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் 14 மடங்கு. எங்கள் சித்தப்பா வீட்டுச் சமையற்காரரிடம் இப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்று, இதைப் படித்த அன்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் காரியம் கணக்குப்பிள்ளைகளின் கைக்கு மாறிற்று. நோய் தோன்றிய ஓட்டல்களுக்கும் சிற்றுண்டிசாலைகளுக்கும் முளை எங்கிருந்து வந்ததென்று விற்பனைச் சீட்டுகளைப் பின்தொடர்ந்து போனால், எல்லாச் சீட்டுகளும் கீழ் சாக்சனி மாகாணத்திலுள்ள ஒரே பண்ணையின் வாசலில் கொண்டுபோய் விட்டன. ஜூன் 10-ந் தேதி ஜெர்மானிய அதிகாரிகள், வெள்ளரியும் தக்காளியும் சாப்பிடலாம், முளைகளை விலக்குங்கள் என்று அறிவித்தார்கள். மாதக் கடைசியில் பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரின் அருகே அதே கிருமி தலைகாட்டிற்று. அங்கே சாப்பிட்டவர்கள் ஜெர்மானியப் பண்ணையின் முளையைக் கண்ணால் கண்டதில்லை. விதை வாங்கி உள்ளூரிலேயே முளைகட்டியிருந்தார்கள். அப்படியானால் பொதுவாக இருப்பது விதைதான். இரு நாட்டுச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஜூலை 5-ந் தேதி வெளியிட்ட அறிக்கையில், எகிப்திலிருந்து 2009-ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேறி வந்த 15,000 கிலோ வெந்தயச் சரக்கைச் சுட்டிக்காட்டியது. விதையில் அந்தக் கிருமி ஒருபோதும் அகப்படவில்லை என்பதையும், எகிப்து இக்குற்றச்சாட்டை மறுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நியாயஸ்தலத்தில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருப்பார்கள். சுகாதார அதிகாரிக்கு அந்த வசதி இல்லை. வெந்தயத்தை வறுத்துப் பொடிசெய்தும் தாளித்துக் குழம்பில் கொதிக்கவிட்டும் சாப்பிடுகிற நம் பாட்டிமார்களுக்கு இதனால் பயமொன்றும் இல்லை; சர்க்கரை வியாதிக்கென்று முளைகட்டிப் பச்சையாக மெல்லும் என் போன்றவர்கள்தான் அந்த டம்ளரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

பொதுவில் கிடந்த ஏட்டைக் கொண்டு நோயின் மூலத்தைத் தேடுவது சாஸ்திர சரித்திரத்தில் புதிதுமன்று. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் தண்ணீர்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அவர் வீடு வீடாகப் போவதற்குமுன் ஜனன மரணப் பதிவுக் காரியாலயத்துக்குப் போய் அந்த வாரத்து மரணப் பட்டியலை வாங்கிக்கொண்டதை யாரும் சொல்வதில்லை. இன்னார் இந்தத் தெருவில் இந்த நோயால் இறந்தார் என்று குமாஸ்தாக்கள் வாரந்தோறும் எழுதி வைத்த 83 மரணங்களின் பட்டியல் அது. ‘மேலே போயிருக்கிறது’ என்ற பதில் அவருக்குக் கிடைத்திருந்தால் அந்தப் பம்பு இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ!

இனி நம் கரைக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 28 மாநிலங்களிலும் தலைநகரிலுமாக 425 பேர் சால்மோனெல்லா கிருமியால் நோயுற்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் அகப்பட்ட வகையின் பெயர் சால்மோனெல்லா பெரேலி. 1928-இல் நம் தேசத்தில் கண்டறியப்பட்டதனால் வடக்கேயுள்ள பெரேலி நகரத்தின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள். நோய்க்குக் காரணம் சுஷி என்னும் ஜப்பானியப் பதார்த்தத்தில் பச்சையாகச் சேர்த்த சூரை மீன். அதிலும் துண்டு போட்ட மீனன்று, துண்டு போட்டபின் முதுகெலும்பில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுத்த விழுது. சுரண்டி, பதப்படுத்தி, உறையவைத்து அனுப்பியது கொச்சிக்கு அருகிலிருந்த ஒரு தொழிற்சாலை. பின்னர் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார் அங்கே வந்து பார்த்துத் தண்ணீர்த் தொட்டியிலும் பனிக்கட்டி தயாரிப்பிலும் குறைகள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

அக்காலத்து ஆய்வகங்களில் வழங்கிய முறை, கிருமியின் டி.என்.ஏ.வை வெட்டிக் கோடு கோடாக ஓடவிட்டு, கோடுகளின் அமைப்பை ஒப்பிடுவது. பெரேலி வகையில் இந்தக் கோடுகள் பல கிருமிகளுக்கு ஒன்றுபோலவே விழுந்து, உறவுள்ளதையும் இல்லாததையும் பிரித்துக் காட்டாமல் காலை வாரிவிட்டன. அப்போதுதான் வேர் பிடிக்கத் தொடங்கியிருந்த முழு மரபணு வாசிப்பைக் கொண்டு அந்நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் பழைய சேகரங்களையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் கிருமியும் சூரைமீன் விழுதின் கிருமியும் ஒன்றாக வந்து அமர்ந்தன, அது எதிர்பார்த்ததுதான். அவற்றுக்குப் பக்கத்திலேயே, சில ஆண்டுகளுக்கு முன்பு இறாலில் அகப்பட்டு, எடுத்தவர்களும் மறந்துவிட்ட ஒரு கிருமியும் வந்து அமர்ந்தது. அந்த இறால் எங்கே பதப்படுத்தப்பட்டது என்று ஏட்டைப் புரட்டினால், சூரைமீன் தொழிற்சாலையிலிருந்து 8 கிலோமீட்டர் தூரத்திலிருந்த வேறொரு தொழிற்சாலை! கடல்கடந்து ஆயிரக்கணக்கான மைல் போன கிருமி, தான் புறப்பட்ட பேட்டையின் பெயரைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தது. அதை வாசிப்பதற்கு வேண்டியிருந்தது, யாரோ எப்போதோ ஓர் இறாலைப் பரிசோதித்து அதன் ஊரையும் தேதியையும் குறித்து வைத்திருந்த ஒரே ஒரு வரி.

அந்த வருஷந்தொட்டு அமெரிக்காவில் இதை ஒரு நித்திய கர்மமாகவே ஆக்கிவிட்டார்கள். நோயாளியிடம் எடுத்ததும், கோழிப்பண்ணையில் எடுத்ததும், ஐஸ்கிரீம் இயந்திரத்தின் இடுக்கில் துடைத்தெடுத்ததுமாகப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கிருமிகளின் மரபணுக்கள் அவர்களுடைய பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்திருக்கின்றன. புதிதாக ஒன்று வந்து விழுந்ததும் கணிப்பொறி அதைப் பழையவற்றோடு ஒப்பிட்டு, இதற்கு நெருங்கிய உறவு இன்னதென்று தானே அடுக்கி வைக்கிறது. திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்திருக்கும் ஒரு கல்லூரி மாணவர் அனுமதிச்சீட்டு ஏதுமின்றி அதைப் புரட்டலாம். நானும் ஒரு மத்தியானம் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் கிருமியின் பெயர், எடுத்த தேதி, எடுத்த இடம், எதிலிருந்து எடுத்தது, நெருங்கிய உறவுக்கும் அதற்கும் எத்தனை எழுத்து வேறுபாடு என்ற சில கட்டங்கள். நோயாளியின் பெயர் அதில் இல்லை. வயதுகூடப் பெரும்பாலும் இல்லை. இடம் என்ற கட்டத்தில் பல வரிகளில் நாட்டின் பெயர் மட்டும் இருக்கிறது, அவ்வளவே போதுமானதாகவும் இருக்கிறது.

திறந்து வைப்பவர்களை உலகம் எப்படி நடத்துகிறது என்பதையும் மறைக்கலாகாது. நம் உத்தியோகஸ்தர்கள் பயப்படுவதற்கு அதில் நியாயம் உண்டு. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் கொரோனாவின் புதிய உருவம் ஒன்றைக் கண்டு, தாமதிக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்களுக்குக் கிடைத்த சன்மானம், ஓரிரு நாளில் பிரிட்டனும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் பயணத் தடை அறிவித்ததுதான். அவர்கள் சொல்வதற்கு முன்பே அந்தக் கிருமி நெதர்லாந்தில் இருந்ததென்று அங்குள்ள பழைய மாதிரிகளில் பிற்பாடு தெரியவந்தது. அதற்கும் முன்பு, 2007-இல், இந்தோனேசியாவின் சுகாதார மந்திரி சித்தி ஃபாதிலா சுபாரி, பறவைக் காய்ச்சல் மாதிரிகளை இனி உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அனுப்பப் போவதில்லை என்று அறிவித்தார். எங்கள் நோயாளியின் கிருமியை வாங்கிக்கொண்டுபோய் வெளிநாட்டுக் கம்பெனி தடுப்பூசி செய்கிறது, அதை நாங்களே விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்பது அவர் கேட்ட கேள்வி. கேள்வி நியாயமானது, அவர் எடுத்த முடிவு நியாயமானதென்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு அரைகுறையாகவேனும் பதில் சொல்லும் சர்வதேச உடன்பாடு ஒன்று 2011-இல் ஏற்பட்டது. அதே பறவைக் காய்ச்சலில், 2006-இல், இத்தாலியின் கால்நடை வைத்திய விஞ்ஞானி இலாரியா கப்புவா, சுமார் பதினைந்து ஆய்வகங்கள் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டிய களஞ்சியத்தில் தாம் வாசித்த வைரஸ் வரிசையைப் போட மறுத்து, எல்லோருக்குமான களஞ்சியத்தில் போட்டார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நம்மிடம் என்ன குறை? சட்டம் இல்லையென்று சொல்ல முடியாது. தொற்றுநோயைக் கண்டால் தெரிவிக்க வேண்டுமென்ற கடமையை விதித்த பொதுச் சுகாதாரச் சட்டத்தை, தேசத்திலேயே முதலாவதாக 1939-இல் இயற்றியது சென்னை மாகாணந்தான். இயந்திரம் இல்லையென்றும் சொல்ல முடியாது. கொரோனா காலத்தில், 2021 செப்டம்பரில், சென்னையில் மாநில சர்க்காரின் பொதுச் சுகாதார ஆய்வகத்திலேயே முழு மரபணு வாசிக்கும் கூடம் திறக்கப்பட்டது. 2022-இல் உயிரியல் விவரங்களுக்கென்று தேசியக் களஞ்சியம் ஒன்றும் ஃபரிதாபாத்தில் திறக்கப்பட்டிருக்கிறது. மத்திய சர்க்காரின் நோய்க் கண்காணிப்புத் திட்டம் வாரந்தோறும் பரவல் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வெளியிட்டும் வந்திருக்கிறது. எந்த மாவட்டம், எத்தனை பேர், எத்தனை மரணம் என்றெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்ட அந்தப் பட்டியலில், மாதிரிகள் அனுப்பப்பட்டன, முடிவு எதிர்பார்க்கப்படுகிறது என்ற வாசகத்தைப் பல வரிகளின் கடைசியில் பார்க்கலாம். பத்திரிகை நிருபர் பாவம், அதைத்தான் தமிழில் எழுதுகிறார்.

குறை வழக்கத்தில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். முடிவு வந்தால் அது வழக்குக்கு ஆதாரமாகும், அபராதம் விதிக்க உதவும், இன்னார்மேல் நடவடிக்கை எடுக்கத் துணையாகும் என்ற எண்ணத்திலேயே நம் பரிசோதனைகள் நடக்கின்றன. அதனால் அது தஸ்தாவேஜு ஆகிறது, தஸ்தாவேஜு ஆனதும் ரகசியம் ஆகிறது. ஆபத்தில்லாத பாயசத்திலிருந்து கிருமி இல்லை என்ற முடிவு வந்தால்கூட, அது ஒரு சமையற்காரரின் முப்பது வருஷப் பேரைக் காப்பாற்றக்கூடிய விவரம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. வழக்கு நடக்கட்டும், அபராதமும் விதிக்கட்டும். அது வேறு ஏடு. கிருமி எது, எந்த மாவட்டம், எந்தத் தேதி, எதிலிருந்து எடுத்தது, மரபணு வரிசை என்ன என்ற ஐந்து கட்டங்கள் மட்டும், ஊர்ப்பெயரோ கடைப்பெயரோ ஆட்பெயரோ இல்லாமல், மாதிரி எடுத்த பதினைந்து நாளுக்குள் பொதுவில் வந்துவிட வேண்டும். எல்லாக் கிருமிக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டுமென்றும் கேட்கவில்லை. சென்னையிலுள்ள கூடம் சால்மோனெல்லா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் உணவுப் பரிசோதனைச் சாலைகளிலும் அகப்படுவதையெல்லாம் ஓராண்டு காலம் வாசித்துப் போட்டால் போதும்; நாமக்கல் முட்டையும் சேலத்து விடுதிப் பேதியும் உறவா இல்லையா என்று சந்தேகம் எழும் நாளில், ஒத்துப்பார்க்கப் புத்தகம் ஒன்றேனும் இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா வீட்டு விருந்துக்கு அந்த ஐந்து கட்டங்களையும் ஒரு தாளில் போட்டு நிரப்பிப் பார்க்கலாமென்று தோன்றியது. மாவட்டம் எழுதினேன். கிரகப்பிரவேசப் பத்திரிகையைத் தேடியெடுத்துத் தேதியும் எழுதினேன். எதிலிருந்து என்ற கட்டத்தில் பாயசம் என்பதா, தண்ணீர் என்பதா என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.